ஒரு தொப்பி தைத்த நேரம்

வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ பற்றி யார் எழுதினாலும் கடைசியில் அந்த விருந்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். 1923 ஜூன் மாதத்தில் ஒரு நாள். லண்டனில் கிளாரிஸா டாலோவே வீட்டில் விருந்து. தாமதமாக வந்த டாக்டர் சர் வில்லியம் பிராட்ஷாவும் அவர் மனைவியும், போருக்குப் போய்வந்த ஓர் இளைஞன் அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைச் சொல்கிறார்கள். கிளாரிஸா தனியாக ஒரு சின்ன அறைக்குள் போகிறாள். முகம் தெரியாத அவனைத் தனக்கு நெருக்கமானவனாக உணர்கிறாள். இதுதான் நாவலின் உச்சம் என்று நமக்குப் பாடம் எடுப்பார்கள்.

எனக்கு இதில் எப்பவும் ஒரு சண்டை உண்டு. செத்துப்போனவனுக்கு அந்தப் புரிதலால் என்ன பயன்? உயிரோடு இருந்தவரை அவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவன் சாவு அவளுக்கு ஏதோ தெளிவைக் கொடுக்கிறது, அவள் திரும்ப விருந்தாளிகளிடம் போய்விடுகிறாள். வுல்ஃப் இதை அழகாக எழுதியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. அந்த அழகுதான் எனக்கு உறுத்தல்.

அவன் பெயர் செப்டிமஸ் வாரன் ஸ்மித். முதல் உலகப் போருக்குத் தானே முன்வந்து போனவன். போர் முடிய இருந்த நேரத்தில் இத்தாலியில் அவன் நண்பன் எவன்ஸ் கொல்லப்படுகிறான். செப்டிமஸுக்கு அழுகை வரவில்லை. பரவாயில்லையே, நாம் திடமாக இருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருக்கிறது. எதையும் உணர முடியவில்லை என்ற பயம் அதற்குப் பிறகுதான் பிடிக்கிறது. சில வருஷம் கழித்து லண்டன் பூங்காவில் எவன்ஸ் அவன் கண்ணுக்கு முன்னால் நடந்து வருகிறான். இந்த நோய்க்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980இல். நாவல் வந்தது 1925இல். அப்போதிருந்த பெயர் ‘ஷெல் ஷாக்’. உணர்ச்சி மரத்துப்போவது, காலம் கடந்து திரும்பத் தாக்குவது எல்லாம் பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஈழத்து மருத்துவர்கள் இதற்கு ‘மனவடு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல். ஆறியதுபோலத் தெரியும், தடவினால் தட்டுப்படும்.

டாக்டர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சீக்கிரம் கடக்கிறேன். ஹோம்ஸ் உனக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். பிராட்ஷா முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மனைவியைப் பிரிந்து ஓய்வு இல்லத்தில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறார். இந்த இரண்டு பேரையும் திட்டுவது வாசகருக்கு ரொம்பச் சுலபம், சுகமும்கூட.

நான் பேச விரும்புவது ரெஸியாவைப் பற்றி. செப்டிமஸின் மனைவி, மிலான் நகரத்துத் தொப்பி தைக்கும் வீட்டுப் பெண், அம்மாவையும் அக்கா தங்கைகளையும் விட்டு லண்டன் வந்தவள். அவளுக்கு அவனைப் புரியவில்லை. இதை வுல்ஃப் மறைக்கவே இல்லை. எவன்ஸ் செத்தான், சரி, போரில் எல்லோருக்கும்தானே நண்பர்கள் செத்தார்கள் என்றுதான் அவள் நினைக்கிறாள். பூங்காவில் அவன் தனக்குத்தானே பேசும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படுகிறாள். வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால் இந்தக் கூச்சம் உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்ற யோசனை.

ஆனால் நாவலில் செப்டிமஸ் கொஞ்ச நேரமாவது மனிதனாக மூச்சுவிடுவது இவள் பக்கத்தில்தான். மாலையில் அறையில் ரெஸியா ஒரு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே இருக்கும் ஃபில்மர் அம்மாவின் மகளுக்கு. அவன் சோபாவில் படுத்தபடி பார்க்கிறான். முதலில் ஒவ்வொரு பொருளையும் ஜாக்கிரதையாகப் பார்க்கிறான், அது அசையாமல் அதுவாகவே இருக்கிறதா என்று. இருக்கிறது. அந்தம்மாவுக்கு இந்தத் தொப்பி ரொம்பச் சின்னது என்று கிண்டல் செய்கிறான். பல வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், புருஷன் பெண்டாட்டி தனியாக அடுத்தவரைக் கேலி பேசுகிற சாதாரணச் சிரிப்பு. அவனே ரிப்பன்களையும் மணிகளையும் எடுத்துச் சேர்த்து வைக்கிறான். அவனுக்குத் தைக்க வராது, கண் மட்டும் நல்ல கண். அவள் தைக்கிறாள். கவனமாகத் தை, நான் வைத்தது மாதிரியே வரணும் என்கிறான். இவ்வளவு நிஜமாக ஒன்றைத் தான் செய்ததே இல்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது.

இங்கே எவன்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. மனசைத் திற என்று யாரும் சொல்லவில்லை.

இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் உண்டு. நான் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு முகாமுக்கு வந்தவர்கள் எங்களுக்குக் கலர் பென்சில் கொடுத்து, நடந்ததை வரையச் சொன்னார்கள். அன்பானவர்கள்தான். நான் தென்னை மரம் வரைந்து கொடுத்தேன். தூக்கம் திரும்பி வந்தது மன்னார்குடி அத்தை வீட்டில். அத்தை பிளவுஸ் தைப்பவர். “சும்மாதானே ஒக்காந்திருக்க, இந்த ஹூக்க வெச்சுக் குடு தங்கம்” என்று ஒரு குவியலைத் தள்ளிவிடுவார். தப்பாக வைத்தால் திட்டி, பிரிக்கச் சொல்வார். அலையைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் 1917இல் ஆர்தர் பிராக் என்ற டாக்டர் இதையே ஒரு வைத்திய முறையாக வைத்திருந்தார். உலகத்தோடு அறுந்துபோனவனை வேலை வழியாகத் திரும்பக் கட்டுவது. அவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃபிரட் ஓவன் அந்த மருத்துவமனையின் ‘தி ஹைட்ரா’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். தேறினார், போர்முனைக்குத் திரும்பினார், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார், போர் முடிய ஒரு வாரம் இருந்தது. அது அதிகாரிகளுக்கான மருத்துவமனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் கையில் ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் ஒரு நாவல் இருக்கிறது. 2021இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாஸேஜ் நார்த்’. போரில் இரண்டு மகன்களையும் இழந்த ராணி, கிரிஷனின் அப்பம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கொழும்புக்கு வருகிறார். வயசான அந்தப் பிடிவாதக்காரிக்கு ராணி தேவை, ராணிக்கும் தன்னைத் தேவைப்படுகிற ஒருவர் தேவை. கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருக்கிறார். மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் நடக்கிறது. அப்புறம் ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துபோனார் என்று போன் வருகிறது. தவறி விழுந்தாரா என்ற கேள்விக்கு நாவல் பதில் சொல்வதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ராணியைப் பற்றி கிரிஷன் பக்கம் பக்கமாக யோசிக்கிறான், ராணி பேசுவது மட்டும் நமக்கு அதிகம் கேட்பதே இல்லை. கிளாரிஸா மீது உள்ள கோபம் இவன் மீது வராததற்குக் காரணம், இவன் ரயிலேறி வடக்கே அந்தச் சாவு வீட்டுக்குப் போகிறான்.

ரெஸியாவுக்கு அப்படி ரயிலேறி வர யாரும் இல்லை. தொப்பி முடிந்த பிறகு, ஓய்வு இல்லத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. யாராலும் நம்மைப் பிரிக்க முடியாது என்கிறாள். அவன் கிறுக்கி வைத்த காகிதங்களைப் பட்டு நூலால் கட்டி வைக்கிறாள். அவளுக்கு அதில் ஒன்றும் விளங்காது, இருந்தும் பத்திரப்படுத்துகிறாள். ஹோம்ஸ் படியேறி வரும்போது குறுக்கே நின்று தடுக்கிறாள். அவர் அவளை ஒதுக்கிவிட்டு மேலே போகிறார்.

எல்லாம் முடிந்த பிறகு அதே ஹோம்ஸ் அவளுக்கு இனிப்பாக ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார். மணி ஆறு அடிக்கிறது. அவள் தூங்கிப்போகிறாள். வெளியே ஆம்புலன்ஸ் மணிச் சத்தம். தெருவில் போகும் பீட்டர் வால்ஷ் அதைக் கேட்டு, நாகரிகத்தின் சாதனைகளில் ஒன்று என்று மெச்சிக்கொள்கிறான். நாவல் அவன் பின்னாலேயே விருந்தை நோக்கிப் போய்விடுகிறது. ரெஸியா கண் விழித்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வுல்ஃப் எழுதவில்லை.