பூஜ்ஜியம் போட்டால் போதுமா?

நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் எக்ஸ் வெட்டுத்துண்டு (கோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடம்) வேண்டுமா, ஒய் உறுப்பை விரலால் மறை. ஒய் வெட்டுத்துண்டு வேண்டுமா, எக்ஸை மறை. ஐந்து நொடியில் விடை! ரீல்ஸில் ஓடிய இந்த வித்தை இப்போது வகுப்பறைக்கும் வந்துவிட்டது. கேட்டால், "பிள்ளைகளுக்குக் கணக்குப் பயம் போகிறதே" என்கிறார்கள்.

முறையில் பிழையில்லை. எக்ஸ் அச்சில் எங்கும் ஒய் பூஜ்ஜியம்தான். 3எக்ஸ் + 4ஒய் = 12 என்றால் 4, 3 என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். இரண்டு புள்ளி கிடைத்தால் கோடும் கிடைத்தது. தேர்வில் நேரமும் மிச்சம்.

ஆனால் 3எக்ஸ் − 4ஒய் + 12 = 0 என்று கொடுத்துப் பாருங்கள். மறைத்தே பழகிய கை மறுபடியும் 4, 3 என்றே எழுதும். சரியான விடை −4, 3. ஒய் = 2எக்ஸ் என்றால் இரண்டு வெட்டுத்துண்டும் ஆதிப்புள்ளியிலேயே விழும். ஒற்றைப் புள்ளியில் அளவுகோலை எந்தப் பக்கம் சாய்ப்பது? ஒய் = 3 என்ற கோட்டுக்கு எக்ஸ் வெட்டுத்துண்டே கிடையாது. மாணவரோ பூஜ்ஜியம் என்று எழுதிவைப்பார். 'இல்லை' என்பதும் 'பூஜ்ஜியம்' என்பதும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

பயிற்சி கொடுத்தால் இவை சரியாகும் என்பார்கள். ஆகட்டும். என் நெடுநாள் குறை வேறு: கிடைத்த வெட்டுத்துண்டு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதே இல்லை.

மாறா அழுத்தத்தில் ஒரு வாயுவின் கனஅளவை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து வரைந்தால் ஏறக்குறைய நேர்க்கோடு வரும். கனஅளவு அச்சில் அது வெட்டும் இடம், 0 டிகிரி செல்சியஸில் வாயு அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. மறுபக்கம் நீட்டினால் வெப்பநிலை அச்சை −273 டிகிரிக்கு அருகில் வெட்டும். கெல்வின் அளவின் பூஜ்ஜியம் அதுதான். அங்கே போய் யாரும் அளக்கவில்லை. அதற்கு முன்பே வாயு திரவமாகிவிடும். அப்படியானால் கோட்டை எதுவரை நம்பலாம்? வெட்டுத்துண்டு எழுப்பும் உண்மையான கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்குத்தான் இந்த வித்தையில் இடமில்லை.

பயம் போகிறது என்பது இதற்கு என்ன சமாதானம்? யோசிக்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில் பயத்துக்கு என்ன வேலை? வெட்டுத்துண்டு கேட்கும் ஒவ்வொரு வினாவிலும், அதன் பொருளை ஒரு வரியில் எழுதுவதற்குப் பாதி மதிப்பெண் ஒதுக்கட்டும். ஐந்து நொடி வித்தை தானாகவே ஓய்ந்துவிடும்.