பிடியில் சுட்ட எழுத்துக்கள்

விற்றோல்ட் ரிப்சின்ஸ்கியின் ‘வன் குட் ரேர்ன்’ என்ற சிறிய புத்தகத்தை நான் இரண்டாந்தரம் வாசித்தது, ஒரு பழைய வாளின் பற்களுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த கிழமையில். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த புத்தகம். ஸ்குரூவினதும் ஸ்குரூ ட்றைவரினதும் வரலாறு. முதல்தரம் வாசித்தபோது மிகவும் பிடித்துப்போய், கண்டவர் நின்றவருக்கெல்லாம் சிபாரிசு செய்தேன். இம்முறை பாதிவழியில் மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். புத்தகம் மாறவில்லை. இடையில் எனது பேஸ்மென்றில் கனடாவில் செய்த பழைய கைக்கருவிகள் நாற்பது வரையில் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதியையாவது நான் வேலைக்குப் பிடித்திருக்கிறேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கவேண்டும்.

புத்தகத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிப்சின்ஸ்கி கட்டடக் கலைஞர். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் படிப்பித்தவர். தன் வீட்டைத் தானே கட்டியவர். ஆயிரம் ஆண்டுகளில் தோன்றிய மிகச் சிறந்த கருவி எது என்று ஒரு கட்டுரை எழுதும்படி நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை அவரைக் கேட்கிறது. அவர் தன் கருவிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். சுத்தியல், வாள், சீவுளி எல்லாம் ரோமர் காலத்திலோ அதற்கு முன்னரோ வந்துவிட்டவை. கடைசியில் ஸ்குரூ ட்றைவரை நினைவூட்டுபவர் அவருடைய மனைவி. பிறகு அவர் பழைய கலைக்களஞ்சியங்களிலும் போர்க்கவசங்களிலும் துவக்குகளிலும் ஸ்குரூவைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போகிறார். ஹென்றி மோட்ஸ்லியின் கடைசல் இயந்திரத்தைத் தாண்டி ஆர்க்கிமிடீஸில் போய் முடிகிறது பயணம். துப்பறியும் கதைபோல ஓடுகிற எழுத்து. இந்த ஓட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் மொழியில் அகப்பைக்கோ அரிவாளுக்கோ இப்படியொரு நூற்றைம்பது பக்கம் எழுத ஆளில்லையே என்ற பொறாமைகூட எனக்கு உண்டு.

என் மனஸ்தாபம் தொடங்குவது றொபேட்சன் வருகிற இடத்தில். பீற்றர் லிம்பேர்னர் றொபேட்சன் கனடாக்காரர். பிலடெல்பியாக் கொம்பனி ஒன்றின் கருவிகளை விற்றுத் திரிந்தவர். மொன்றியலில் ஆட்கள் பார்த்து நிற்க ஒரு ஸ்குரூ ட்றைவரைச் செய்து காட்டும்போது அது வழுக்கிக் கையை வெட்டிவிட்டது. அந்த வெட்டிலிருந்து பிறந்ததுதான் சதுரக் குழி வைத்த ஸ்குரூ என்பது கதை. 1908இல் ஒன்ராறியோவின் மில்ரன் பட்டினத்தில் தொழிற்சாலை, 1909இல் காப்புரிமை. சதுரக் குழி அவருக்கு முன்பும் சிலரின் யோசனையில் இருந்ததுதான். ஆனால் ஆணித்தலையைப் பலவீனப்படுத்தாமல், சூடாக்காமல், ஒரே அழுத்தில் அந்தக் குழியை இறக்குகிற வித்தையைக் கண்டுபிடித்தவர் அவர். ட்றைவர் நுனியில் ஆணி தானே ஒட்டி நிற்கும், ஒரு கையால் வேலை செய்யலாம், வழுக்காது. கனடாவில் இன்றைக்கும் பச்சை, சிவப்பு, கறுப்புப் பிடி என்று நிறத்தால் பெயர் சொல்லிக் கேட்கிறோமே, அந்தக் குடும்பம். ஹென்றி ஃபோர்ட் தன் ‘மொடல் ரி’ காருக்கு இதைப் பாவித்துப் பார்த்தார். காருக்கு இரண்டு மணிநேர வேலை மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். ஃபோர்ட் உரிமம் கேட்டார். பிரித்தானியாவில் ஒருமுறை உரிமம் கொடுத்துக் கைசுட்டுக்கொண்ட றொபேட்சன் மறுத்தார். அமெரிக்கச் சந்தை 1930களில் பிலிப்ஸின் குறுக்குக் குழிக்குப் போயிற்று. றொபேட்சன் 1951இல் இறந்தார்.

ரிப்சின்ஸ்கி இதையெல்லாம் றொபேட்சன் மீதுள்ள உண்மையான மதிப்போடு சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு மணிநேரம் யாருடையது? மிச்சமான நேரம் யாரிடம் போனது? புத்தகம் கேட்கவில்லை. நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை ரொறன்ரோவின் கிழக்கே ஒரு குசினி அலுமாரித் தொழிற்சாலையில். பதினொரு வருடம் சிவப்பு நம்பர் ஸ்குரூவை இயந்திரத்தால் முடுக்கினேன். வழுக்காத ஸ்குரூ என்றபடியால் ஒரு மணிநேரத்துக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கு ஒவ்வொரு வருடமும் ஏறியது. கையை வெட்டாது, உண்மை. மணிக்கட்டைத் தின்றது. இன்றைக்கும் குளிர்காலத்தில் வலது மணிக்கட்டு எனக்கு முன்னதாக எழும்பிவிடும். றொபேட்சனில் பிழை இல்லை. ஆனால் கருவியைக் கண்டுபிடித்தவனின் கையில் பட்ட ஒரு வெட்டு வரலாறாகிறது, பிடித்தவனின் கை வரலாறில்லாமல் போகிறது. கருவிக்கு வரலாறு எழுத வந்தவர் இந்தக் கையைக் காணாமல் விட்டால், அது காப்புரிமைப் பதிவுகளுக்கான வரலாறாகத்தான் இருக்கும்.

சேகரிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பதை அந்தச் சந்தைகளுக்குப் போய்த்தான் அறிந்தேன். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒன்ராறியோவில் பழைய கருவிச் சந்தைகள் நடக்கும். மேசை மேசையாக உளி, வாச்சி, துறப்பணம். முதல்தடவை என்னோடு கூட வந்த நண்பர் காதுக்குள் கேட்டார்: “அண்ணை, உந்தக் கறளுக்கு இருபது டொலரோ?” நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அங்கே வருபவர்கள் மரச் சீவுளி ஒன்றைக் கையிலெடுத்தால் முதலில் பார்ப்பது அதன் முன்முகத்தை. செய்தவரின் முத்திரை அங்கேதான் குத்தியிருக்கும். முத்திரை அரிதானதா, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதில் விலை நிற்கிறது. அலகு கூராக இருக்கிறதா, வாய் தேய்ந்திருக்கிறதா என்று யாராவது பார்த்தால் அவர் என்னைப்போல வேலைக்கு வாங்க வந்தவர். செய்தவரின் முத்திரையைச் சுற்றி இரண்டு மூன்று பெயர்கள் வேறு இருக்கும். அவை கருவியை வைத்திருந்த தச்சர்களின் பெயர்கள். ஒருவர் செத்தபின் அல்லது விற்றபின் அடுத்தவர் தன் பெயரைக் குத்துவார். வியாபாரி அவற்றை மறைப்பதில்லை, சும்மா விட்டுவிடுவார். விலையில் அவற்றுக்கு இடமில்லை.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலண்ட் பார்த்தை முன்வைத்து எங்கள் சிறுபத்திரிகைகள் எத்தனை இதழ்களைச் செலவழித்தன! தச்சுப் பட்டறையில் ஆசிரியன் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. கருவி கைமாறிய அன்றைக்கே அது வாசகனுடையது.

‘கனடாவில் செய்தது’ என்ற முத்திரைக்குத்தான் இந்தச் சேகரிப்பில் தனி மவுசு. அந்த முத்திரையையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். 1879இல் பிரதமர் மக்டொனால்டின் ‘தேசியக் கொள்கை’ இறக்குமதிப் பொருட்களுக்கு உயர்ந்த தீர்வை போட்டது. தீர்வையைத் தாண்ட அமெரிக்கக் கொம்பனிகள் எல்லைக்கு இந்தப் பக்கம் கிளைத் தொழிற்சாலைகள் திறந்தன. பிலடெல்பியாவின் டிஸ்ரன் ரொறன்ரோவில் வாள் செய்தது. கனெக்ரிகட்டின் ஸ்ரான்லி கியூபெக்கின் ரொக்ஸ்ரன் பொண்ட் என்ற கிராமத்துக்கு வந்தது. அந்தக் கிராமத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீவுளி செய்கிற பிரெஞ்சுக் கனடியர்கள் இருந்தார்கள். மரம் அங்கே, கை அங்கே. பெயர் மட்டும் வெளியிலிருந்து வந்தது. என்னிடம் உள்ள இரும்புச் சீவுளியில் ‘கனடாவில் செய்தது’ என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது. வரைபடம் அமெரிக்கருடையது. இதைக் கனடியக் கருவி என்பதா அமெரிக்கக் கருவி என்பதா என்று சேகரிப்பவர்கள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றி வீடுகளில் நடக்கிற வாதத்துக்கும் அதற்கும் தொனியில் பெரிய வேறுபாடில்லை.

முழுக்க இந்த ஊர்க் கொம்பனி என்று சொல்லக்கூடியவையும் உண்டு. ஒன்ராறியோவின் கோல்ற் பட்டினத்தில் - 1973இலிருந்து அது கேம்பிரிஜ் நகரத்தின் ஒரு பகுதி - ஷேர்லி அண்ட் டீட்றிக் என்றொரு வாள் தொழிற்சாலை இருந்தது. அவர்களுடைய வாள்களுக்கு ‘மேப்பிள் லீவ்’ என்று பெயர். 1965இல் மேப்பிள் இலை கொடியில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது வாள் அலகில் ஏறியிருந்தது. மேப்பிள் மரத்தையே அறுக்கிற வாளில் மேப்பிள் இலை!

ஆனால் கனடியக் கருவி என்ற சொல்லுக்கு முதல் உரிமை கொண்டாடவேண்டிய ஒன்று இந்த மேசைகளில் அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் கருவிகளோடு வைக்கமாட்டார்கள்; ‘பூர்வகுடிக் கலை’ என்று வேறாக வைப்பார்கள். வளைகத்தியைச் சொல்கிறேன். கிறீ, இன்னு, மிக்மாக் மக்கள் பேர்ச் மரப்பட்டை வள்ளத்தின் விலா எலும்புகளையும் பனிச்சப்பாத்துச் சட்டத்தையும் சீவியது இதனால். உள்ளங்கை மேலே பார்க்க ஒரு கையால் பிடித்து, தன் நெஞ்சை நோக்கி இழுப்பது. பெருவிரல் பிடியின் வளைவில் அண்டிக்கொள்ளும். மேசையும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம், மறுகைதான் இடுக்கி. சீவுளியும் வாளும் செய்கிற வேலையை நடுக்காட்டில் குந்தியிருந்து செய்துவிடுவார்கள். அலகு பெரும்பாலும் தேய்ந்துபோன அரத்தை அடித்துச் செய்தது. ஹட்சன்ஸ் பே கொம்பனி இங்கிலாந்தில் செய்த அலகுகளையும் கொண்டுவந்து விற்றது. பிடி மட்டும் அவரவர் கைக்கு அவரவர் செதுக்கியது. முத்திரை இல்லை, காப்புரிமை இல்லை, தொழிற்சாலை இல்லை. ஆகவே கருவி வரலாற்றிலும் இல்லை. கண்டுபிடித்தவனின் பெயரைத் தேடிப் போகிற முறையின் குறை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது. ரிப்சின்ஸ்கி ஸ்குரூவை எழுத வந்தவர், அவரிடம் வளைகத்தியைக் கேட்பது நியாயமில்லைத்தான். ஆனால் ஸ்குரூவுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கிப் போய் ஆர்க்கிமிடீஸைப் பிடித்துவந்தாரே, அந்த அவசரம் எனக்கு விளங்கவில்லை.

எதிர்மாறான ஒரு புத்தகத்தையும் சொல்லவேண்டும். ஒட்டாவாவில் 1978இல் லீ வலி என்ற கருவி வியாபாரத்தைத் தொடங்கிய லெனார்ட் லீ, 1995இல் கூர்தீட்டுவது பற்றி ஒரு நூல் எழுதினார். இலக்கிய நயம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அலகு மரத்துக்குள் இறங்கும்போது மரநார் என்ன செய்கிறது, எந்தக் கோணத்தில் வெட்டுகிறது, எங்கே கிழிக்கிறது என்று உருப்பெருக்கிப் படங்களோடு சொல்லிக்கொண்டு போகிறது. அதில் வீரர்கள் இல்லை. வாசிப்பவனுக்குக் கை இருக்கிறது என்று நம்பி எழுதியது. என்னுடைய பிரதி எண்ணெய்க் கறை பிடித்துப் பக்கங்கள் ஒட்டிக் கிடக்கிறது. ரிப்சின்ஸ்கியின் பிரதி வாங்கின மாதிரியே இருக்கிறது. இதை ஒரு விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் அரம் போட்ட வாள் டிஸ்ரனின் ரொறன்ரோ வாள். தொழிற்சாலையில் என்னோடு நின்ற போர்த்துக்கேயக் கிழவர் ஓய்வுபெற்ற அன்று தந்தது. அவருடைய தகப்பனுடையது அல்ல. அவரும் வேறொருவரிடம் வாங்கியதுதான். பிடியில் இரும்பு காய்ச்சிச் சுட்ட இரண்டு எழுத்துக்கள் உண்டு. அவை யாருடையவை என்று அவருக்கும் தெரியாது. சுட்டுவிரல் அலகை நோக்கி நீண்டு கிடக்கிற இடத்தில் மரம் குழிந்து வழுவழுவென்று இருக்கிறது. அந்தக் குழியில் என் விரல் சரியாகப் பொருந்தவில்லை. என்னுடையதைவிடப் பெரிய கை.

சந்தையில் ஒரு வியாபாரி இதைப் பார்த்துவிட்டு, அலகில் இருக்கிற பொறிப்பை உரஞ்சாதே, பல்லிலும் கைவைக்காதே, அறுபது டொலர் தருகிறேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இந்த மனிதர்கள் இல்லாவிட்டால் ரொக்ஸ்ரன் பொண்டும் கோல்ற்றும் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒவ்வொருதரம் அராவும்போதும் வாள் கொஞ்சம் சிறுக்கிறது, பாவிப்பதென்றால் தின்பதுதான். இன்னும் நூறு பேர் என்னைப்போல ‘நான் வேலைக்காரன்’ என்று பெருமையடித்துக்கொண்டு அராவினால், அடுத்த தலைமுறைக்குப் பார்க்க ஒரு முழு வாளும் மிஞ்சாது. சேகரிப்பவரைத் திட்டுகிறபோது இந்தக் கணக்கை நான் வசதியாக மறந்துவிடுகிறேன். இருந்தும் அராவினேன். தட்டை அரத்தால் பல்நுனிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, முக்கோண அரத்தால் ஒன்றுவிட்டொன்றாக ஒரு பக்கம், பிறகு திருப்பிப் பிடித்து மற்றப் பக்கம். அராவும்போது தெரிந்தது, எனக்கு முன்னே அராவியவர் இடதுகைக்காரராக இருந்திருக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பக்கப் பற்களுக்கு மட்டும் பாரம் கூடக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர். பற்கள் ஒன்று பெரிது ஒன்று சிறிதாக மாறிமாறி நின்றன. நான் அதை முழுக்க நேராக்கவில்லை. நேராக்கினால் கால் அங்குலம் போய்விடும்.

அறுக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது, பார்த்துப் பிடித்தால் சரி. வியாபாரி இப்போது பதினைந்து டொலருக்கு மேல் தரமாட்டார்.

போன சனிக்கிழமை பழைய நண்பரிடமிருந்து ரெலிபோன் வந்தது. கறளுக்கு இருபது டொலரோ என்று கேட்டவர்தான். “அண்ணை, மழைக்குக் கதவு இறுகிப்போச்சு. உங்கட அந்தச் சீவுளியை ஒருக்காத் தாறியளே?” தருகிறேன், ஆனால் அலகை நான் தீட்டித்தான் தருவேன், இரண்டு நாள் பொறும் என்றேன்.