அகராதிப் பொருளும் இடத்தின் பொருளும்

சொல்லுக்குப் பொருள் காண அகராதியைத் திறப்பது நல்வழக்கமே. ஆயினும், அங்கே முதலில் தென்படும் பொருளை எடுத்து வாக்கியத்தில் பொருத்திவிட்டு, 'இதுவே பொருள்' எனச் சாதிக்கும் போக்கு நம் எழுத்தாளர் சிலரிடம் காணப்படுகிறது. அது ஆய்வாகாது.

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'பள்ளி' என்பதற்குச் சிற்றூர், படுக்கை, சமண பௌத்தத் துறவியர் உறைவிடம், கல்விச்சாலை எனப் பல பொருள்களைத் தருகிறது. பள்ளியறையில் அது படுக்கை, பள்ளிக்கூடத்தில் கல்வி, நம் பள்ளிவாசலில் தொழுமிடம். ஊர்ப்பெயரின் ஈற்றில் அச்சொல் நிற்பது கொண்டு மட்டும், வேறு சான்றின்றி, அங்கே சமணப்பள்ளி இருந்தது என்றோ பழைய பள்ளிவாசல் இருந்தது என்றோ முடிவுகட்டுதல் பிழை. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிவது தொல்காப்பியர் காட்டிய நெறி.

ஊர்ப்பெயரில் நேரும் பிழையால் பெருங்கேடில்லை. இறைமறையில் நேர்ந்தாலோ? 'தீன்' என்னும் சொல்லை நோக்குக. இப்னு மன்ளூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' கைம்மாறு, கணக்கு, கீழ்ப்படிதல், வழக்கம், மார்க்கம் எனப் பல பொருள்களை ஓரிடத்தே அடுக்கும். நமக்கோ மார்க்கம் ஒன்றே நினைவுக்கு வரும். காஃபிரூன் அத்தியாயத்தின் இறுதியில் அப்பொருள் பொருந்தும். யூஸுஃப் அத்தியாயத்தின் 76ஆம் வசனத்தில் அரசனைச் சார்ந்து வருதலின், அவனது சட்டம் என்பதே பொருள். ஃபாத்திஹாவிலோ 'நாள்' என்பதனோடு இணைந்து வருகிறது. 'மார்க்க நாள்' என்றால் கருத்துச் சிதையும். அந்நாள் யாது என இன்ஃபிதார் அத்தியாயத்தில் இறைவனே வினவி, எவரும் எவருக்கும் உதவ இயலாத, அதிகாரமனைத்தும் தன்னிடமே உள்ள நாள் என விளக்குகிறான். ஆகவே அது தீர்ப்பு நாள்.

அகராதி பொருள்களை நம்முன் வைக்கும். அவற்றுள் உரியதைத் தேர்ந்து தருவன முன்பின் வசனங்களே. நாள்தோறும் ஃபர்ளான 17 ரக்அத்துகளில் ஃபாத்திஹா இடம்பெறுகிறது. அச்சொல்லை 'மார்க்கம்' என்றே எண்ணி நம் பிள்ளைகள் தொழுவார்களேயானால், கணக்குக் கொடுக்கும் நாளைப் பற்றிய அச்சம் அவர்தம் நெஞ்சில் எங்ஙனம் எழும்? மொழிபெயர்ப்போரும், பாடம் சொல்வோரும், வீட்டில் பொருள் கூறும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.