கருப்பட்டிப் பானகம்

சித்திரை விசுவுக்குப் பாபநாசநாதர் கோயிலில் கூட்டம் கூடும் வெயிலில் பானகத்துக்கு ஈடு எதுவுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம். கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, நாலு ஏலக்காய். சுக்கின் காரம் தொண்டையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

கோடைக்கு நான் வீட்டில் செய்வது வேறு: வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. என்ன மணம்! எலுமிச்சைப் புளிப்பு பட்டதும் அது இன்னும் எடுப்பாகும். காய்ச்ச வேண்டாம், தட்டி ஊறவைத்தாலே கரையும். தோலுரித்த இளநுங்கைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஐஸ் கூடவே கூடாது, அது மணத்தை அமுக்கிவிடும். மண்பானைக் குளிர்ச்சியே போதும். பச்சைக் கற்பூரம் கடுகளவு, விரும்புகிறவர்களுக்கு மட்டும்.