நீயா, நீங்களா? ஒரு கரீபியப் பயணத் திட்டமும் இரண்டு புத்தகங்களும்

கரீபியத் தீவு ஒன்றுக்கு விடுமுறை போகத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது எண்பது பக்கச் சொச்சமுள்ள ஒரு சின்னப் புத்தகம். ஜமைக்கா கின்கெய்ட் எழுதி 1988-இல் வெளிவந்த 'எ ஸ்மால் ப்ளேஸ்'. அவர் பிறந்த ஆன்டிகுவாவைப் பற்றியது. விவியன் ரிச்சர்ட்ஸும் கர்ட்லி ஆம்ப்ரோஸும் பிறந்த தீவு என்றால் நம்மில் பலருக்குச் சட்டென்று பிடிபடும். இதைப் படித்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. படித்த பிறகும் போகத் தோன்றினால், எதற்காகப் போகிறோம் என்பது கொஞ்சம் தெளிவாகியிருக்கும்.

புத்தகம் விமான நிலையத்தில் தொடங்குகிறது. ஒரு பயணி வந்து இறங்குகிறார். விமான நிலையத்துக்குப் பிரதமரின் பெயர். ஒரு பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ வைக்காமல் இதற்கு ஏன் வைத்தார்கள் என்று யோசிக்கிறார். அதற்கான பதில் வழியெல்லாம் வருகிறது. பள்ளிக்கூடம் பார்க்கக் கழிப்பறை மாதிரி இருக்கிறது. 1974 நிலநடுக்கத்தில் சேதமான நூலகம் பதினாலு வருஷம் கழித்தும் பழுதுபார்க்கப்படவில்லை. பயணி குளிக்க இறங்கப்போகிற அந்த நீலக் கடலுக்குள்தான் அவர் தங்கும் விடுதியின் கழிவும் போகிறது. இவ்வளவையும் கின்கெய்ட் குரலை உயர்த்தாமல், ஒரு கைடு பேருந்தில் மைக்கைப் பிடித்துச் சொல்கிற தொனியில் சொல்லிக்கொண்டே வருகிறார். நாலைந்து பக்கம் போன பிறகுதான், கைடு நம்மைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உறைக்கிறது.

இந்த உத்தி முழுக்க ஒரே சொல்லின்மேல் நிற்கிறது: 'யூ'. பயணியை நேராக விளித்து எழுதிய புத்தகம் இது. ஆங்கிலத்தில் 'யூ' என்றால் மரியாதையும் உண்டு, அவமரியாதையும் உண்டு, பொதுவாக எவரையோ சொல்வதும் உண்டு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் நடுவே வழுக்கிப் போகலாம். தமிழில் அது முடியாது. முதல் வரியிலேயே 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்தாக வேண்டும். 'நீங்கள் விமானத்திலிருந்து இறங்குகிறீர்கள்' என்றால் சுற்றுலாத் துறை கையேடு. 'நீ இறங்குகிறாய்' என்றால் முதல் வரியிலேயே கல்லெறிந்தாயிற்று. பிறகு எறிய ஒன்றுமில்லை.

இதைத் தமிழில் மொழிபெயர்க்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு வாசகனாக, 'நீங்கள்' எந்த இடத்தில் 'நீ' ஆகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்துப் பார்த்தேன். என் கணக்கில் அது கழிவுநீர் வருகிற இடம். அதுவரை பயணி ஒரு விருந்தாளி. தான் குளிக்கிற தண்ணீரில் என்ன கலக்கிறது என்று கேட்காமலே குளிக்க முடிகிறவர் என்று தெரிந்தபின், அவருக்கு 'ங்கள்' விகுதி தங்கவில்லை. தமிழில் வாசிப்பதால் கிடைத்த லாபம் இது. ஆங்கிலத்தில் அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

*

அடுத்த சிக்கல் பெரிசு. கின்கெய்டின் 'யூ' யார்? வட அமெரிக்கர், அல்லது ஐரோப்பியர். வெள்ளைக்காரர். கடலூரில் பிறந்து, பொறியியல் படித்து, வருஷத்துக்குப் பதினைந்து நாள் லீவு சேர்த்து வைத்துக்கொண்டு, விமானக் கட்டணங்களை எக்செல் ஷீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

கின்கெய்டின் வாதத்தின் மையம் எளியது. எந்த ஊர்க்காரரும் இன்னோர் ஊருக்குப் போனால் சுற்றுலாப் பயணிதான். எல்லோருக்கும் தன் ஊர் சலிக்கிறது. ஆனால் உலகில் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்குக் கிளம்பிப் போகக் காசில்லை. தன் சலிப்பை இன்னொருவன் காசு கொடுத்து ரசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பயணியை உள்ளூர்க்காரர் வெறுப்பது இதனால்தான்.

இதில் முதல் பாதியை என் அம்மா எந்தப் புத்தகமும் படிக்காமல் சொல்லிவிட்டார்.

"அவ்ளோ தூரம் போறியே, அங்க என்னடா இருக்கு?"

"கடல்தாம்மா."

"கடலா? அது நம்ம தேவனாம்பட்டினத்துல இல்லாமயா போச்சு?"

இரண்டாம் பாதிதான் நம் தலைமுறையில் மாறிவிட்டது. கிளம்ப முடியாத ஊர்க்காரர்களில் சிலருக்கு, முக்கியமாக என்னைப் போன்ற கணினிக்காரர்களுக்கு, கிளம்ப முடிகிறது. ஊர்க்காரன் பயணியாகும்போது அந்த வெறுப்பு எங்கே போகும்? கின்கெய்டிடம் இதற்குப் பதில் இல்லை. 1988-இல் அந்தக் கேள்வி எழவுமில்லை. ஆனால் இன்று அந்தப் புத்தகத்தைக் கடலூரிலிருந்து படிக்கிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஏனென்றால் கடலூரும் அந்தப் புத்தகத்துக்குள் வரத் தகுதியுள்ள ஊர்தான். தான் வளர்ந்த தெருக்களுக்கு ரோட்னி, ஹாக்கின்ஸ், டிரேக் என்று ஆங்கிலக் கடற்படைக்காரர்களின் பெயர்கள் இருந்ததைக் கின்கெய்ட் சொல்கிறார். எங்கள் ஊரில் சிறைச்சாலை இருக்கும் குன்றுக்குக் கேப்பர் மலை என்று பெயர். கேப்பர் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. ரோட்னி 1782-இல் குவாதலூப் பக்கத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையைத் தோற்கடித்தார். மறு வருஷம், 1783 ஜூனில், அதே போரின் கடைசிக் கடற்சண்டையில் சுஃப்ரானும் ஹியூஸும் மோதிக்கொண்டது கடலூருக்கு எதிரே. இரண்டு ஊரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். கழிவுநீர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் சில்வர் பீச். இன்னொரு பக்கம் சிப்காட்டின் ரசாயன ஆலைகள், உப்பனாறு, காற்றில் வரும் அந்த வாடை. 'நீ எதில் குளிக்கிறாய் தெரியுமா' என்ற கேள்வி எங்களுக்கு உள்ளூர்க் கேள்வி.

*

நான் திட்டமிட்டது ஆன்டிகுவாவுக்கு அல்ல, அதற்குத் தெற்கே அடுத்தடுத்து இருக்கும் குவாதலூப்புக்கு. அது 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ. ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்தப் பகுதியைக் குறிப்பிட்டே விசா வாங்க வேண்டும். ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். டிசம்பருக்குப் பிறகு வறண்ட, இதமான மாதங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய ஊர்க்காரனுக்கு, டிசம்பரில் புயல் பயமில்லாத கடற்கரை என்பதே ஓர் ஆச்சரியம்.

அங்கே போக ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு பெயர். ஹென்றி சிதம்பரோம். 1863-இல் குவாதலூப்பின் கபெஸ்தேர் என்ற ஊரில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பத்தில் பிறந்தவர். அங்கேயே பிறந்த இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை இல்லை என்று 1904-இல் ஆளுநர் தடுத்தபோது வழக்குத் தொடுத்தார். அது 1923-இல்தான் முடிந்தது. இந்தியர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது உறுதியானது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு மேற்கிந்திய அணியில் வீராசாமி பெருமாள், நாகமுத்து என்று பெயர்கள் வரும்போது ஏற்படும் சிலிர்ப்பு தெரியும். 'பாத்தியா, அங்கேயும் நம்மாளு.' சிதம்பரோம் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குள்ளும் அதே குரல்தான் எழுந்தது. தமிழில் எழுதப்படும் அயல்நாட்டுப் பயணக் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்தக் குரலில்தான் ஓடுகிறது. கோயில் கோபுரம், இட்லிக் கடை, சிதைந்த தமிழ்ப் பெயர், ஒரு பெருமிதம், ஒரு கண்ணீர்த் துளி. குவாதலூப்பில் இதற்கு வேண்டிய சாமான் எல்லாமே இருக்கிறது. மாரியம்மன் அங்கே மாலியேமன், மதுரை வீரன் மால்தெவிலன். 'கொலொம்போ' என்றொரு கறி. குழம்பிலிருந்து வந்ததா கொழும்பிலிருந்து வந்ததா என்று அவரவர் ஒன்று சொல்வார்கள்.

ஆனால் சிதம்பரோம் பத்தொன்பது வருஷம் வழக்காடியது எதற்காக? தான் இந்த மண்ணுக்காரன் என்று நிரூபிப்பதற்காக. அவரைப் போய் 'நம்மாளு' என்பது, ஆளுநர் தரப்பு வாதத்தை அன்போடு திருப்பிச் சொல்வது. கின்கெய்ட் திட்டுகிற பயணியைவிட இந்தப் பயணி நல்லவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் உள்ளூர்க்காரரைப் பார்ப்பதே இல்லை. இவர் பார்க்கிறார், கண்ணாடியில் பார்ப்பது போல.

*

இந்த இடத்தில்தான் இரண்டாவது புத்தகம் உதவியது. குவாதலூப்பில் பிறந்த மரீஸ் கோந்தே 1989-இல் பிரெஞ்சில் எழுதிய நாவல். ஆங்கிலத்தில் 'கிராஸிங் தி மேங்குரோவ்'. ஒரு சிற்றூரில் பிரான்சிஸ் சாஞ்சர் என்ற வெளியூர்க்காரர் சேற்றில் முகம் புதைந்து செத்துக் கிடக்கிறார். ராத்திரி முழுக்கப் பிணத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது. அத்தியாயத்துக்கு ஒருவராக, அவரைப் பற்றிப் பேசுகிற சாக்கில் தங்களைப் பற்றி நினைத்துக்கொள்கிறார்கள். செத்தவர் யார் என்பது கடைசிவரை முழுதாகத் தெரிவதில்லை. ஊர் யார் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்த ஊரில் ராம்சரண் என்றொரு இந்தியக் குடும்பம். நிலம், காசு, பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிக்கும் அப்பா, உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் அம்மா. மகள் வில்மா வீட்டைவிட்டு சாஞ்சரிடம் போய்விடுகிறாள். சாஞ்சர் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் தலைப்புதான் நாவலின் தலைப்பு. சதுப்புக் காட்டை யாரும் கடக்க முடியாது, வேர் குத்தும், சேறு விழுங்கும் என்று வில்மா அவரிடம் சொல்கிறாள்.

எனக்கு ஒரு குறை உண்டு. ராம்சரண் வடஇந்தியப் பெயர். குவாதலூப்புக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பக்கத்தினர். வழிபாடு, பாட்டு, பலி எல்லாம் நாவலில் ஒரு நிழலாகத்தான் வருகிறது. ராம்சரண்கள் சொத்தும் கௌரவமும் உள்ள குடும்பமாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் கின்கெய்டிடம் இல்லாத ஒன்று கோந்தேயிடம் இருக்கிறது. கின்கெய்டுக்குத் தீவில் இரண்டு தரப்புகள்தான்: எஜமானர்களும் அடிமைகளாய் இருந்தவர்களும், அவர்களின் இன்றைய வாரிசுகளும். கோந்தேயின் ஊரில் எல்லோருமே வந்தேறிகள். ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள், ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைகிறார்கள். இந்தியர்கள் அதில் பாவப்பட்ட சொந்தக்காரர்களாக வரவில்லை. கறுப்பின அண்டை வீட்டாரைக் கீழாகப் பார்க்கும் பழக்கமும் அவர்களோடுதான் வருகிறது. சாதியை நாம் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயங்களைப் படிக்கலாம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்தத் தலைப்பு வேறு மாதிரியும் கேட்கும். தில்லை என்பதே ஒரு சதுப்புநில மரம். பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள். கோயிலின் தல விருட்சம் அதுதான். இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். அங்கே நாம் படகில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, 'இதயக்கனி' எடுத்த இடம் எது என்று கேட்டுக்கொண்டே சதுப்புக் காட்டைச் சுலபமாகக் கடந்துவிடுகிறோம். படகு ஓட்டுகிறவரின் ஊரில் 2004 சுனாமியில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. கின்கெய்டின் பயணியைச் சந்திக்க ஆன்டிகுவாவரை போக வேண்டியதில்லை.

அந்தத் தில்லைக்கு வரத் தவித்த ஒருவரின் பெயரே திருநாளைப்போவார். 'நாளைக்குப் போகலாம்' என்று தள்ளிக்கொண்டே இருந்தவர். பெரிய புராணத்தில் இல்லாத பண்ணையாரைக் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தார்: நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் பயிரிட்டு முடித்தால் லீவு. ஐ.டி. அலுவலகங்களில் இந்தக் காட்சியை வைத்து ஜோக் அடிப்போம். ரிலீஸ் முடிச்சுட்டுப் போப்பா. ஆனால் அந்தச் சரித்திரம் 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அச்சேறியது. அதே 1861-இல்தான் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலி ஆள் எடுக்க லண்டனும் பாரிஸும் ஒப்பந்தம் போட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் நின்றன. 1854-இலிருந்து 1889-க்குள் சுமார் 42,000 பேர் குவாதலூப்பில் இறக்கப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சிறுபான்மை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு மண்ணில், ஏழு கடல் தாண்டிப் போக ஒரு கைநாட்டு போதுமாக இருந்தது என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

*

குவாதலூப்பின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பிரான்ஸ் 1990-இல் தடைசெய்தும் தீவுகளுக்கு மட்டும் சலுகை நீட்டிக்கப்பட்டது. இன்று அங்கே வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணிலிருந்து போக நூற்றாண்டுகள் ஆகலாம். சிதம்பரோம் பிறந்த கபெஸ்தேர், பெரிய இந்துக் கோயில் இருக்கும் அதே ஊர், வாழைப் பட்டையின் நடுவில் இருக்கிறது.

பயணக் கையேடுகளில் இது இருக்காது; அருவியும் எரிமலையும் இருக்கும். கடலூர்க்காரர் ஒருவர் அங்கே போனால் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. 'உங்களுக்குத் தமிழ் தெரியுமா?' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு சங்கடமான சிரிப்பாகத்தான் இருக்கும்; மனப்பாடமாய் வந்த பூஜைப் பாட்டு தவிர அங்கே தமிழ் பேச்சில் இல்லை. 'உங்க கிணத்துத் தண்ணி எப்படி? எந்த மீனைச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க?' என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும். கின்கெய்ட் புத்தகத்தில் பயணி கேட்காமல் விடுவதும் இதே கேள்வியைத்தான். கேட்கிறவரை அவர் 'நீங்கள்' என்பாரா என்று தெரியாது. நான் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.