கோப்பைக்குக் காவல் யார்?

குளிர்பானத்திலோ மதுவிலோ மயக்க மருந்து கலந்து கொடுக்கும் குற்றத்தை ‘வடிவமைப்புச் சிந்தனை’யால் தடுக்க முடியுமா? பொறியியல் கல்லூரிப் போட்டிகளில் மாணவர்கள் ஆர்வத்தோடு எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்வி இது. திருச்சியை அடுத்த துவாக்குடியில், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே சிட்கோ தொழிற்பேட்டை. யோசிக்க ஆளும் செய்து பார்க்கப் பட்டறையும் இருக்கும் ஊரில், எதைச் செய்வது என்பதை முதலில் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பரப்பிய வடிவமைப்புச் சிந்தனை முறைக்கு ஐந்து படிகள்: பாதிக்கப்பட்டவரின் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், யோசனைகளைத் திரட்டல், மாதிரி செய்தல், சோதித்தல். முறையில் குறையில்லை. சறுக்கல் இரண்டாம் படியில்தான். ‘தன் பானத்தில் மருந்து கலந்திருப்பதை ஒரு பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்?’ என்று கேள்வியை அமைத்துவிட்டால், விடை அவள் கையில் கொடுக்கும் ஒரு கருவியாகத்தான் வரும்.

2014-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் அப்படியொரு நகப்பூச்சை அறிவித்தார்கள். விரலால் பானத்தைக் கலக்கினால், மருந்து இருக்கும்போது பூச்சின் நிறம் மாறும் என்றார்கள். பாராட்டு குவிந்தது, கூடவே கண்டனமும் வந்தது. பூசிக்கொள்ளாத பெண்ணிடம் நாளை ‘ஏன் பூசவில்லை?’ என்று கேட்க மாட்டார்களா? நியாயமான கேள்வி. பின்னர் அவர்கள் தொடங்கிய நிறுவனம் நாணய அளவிலான சோதனைச் சில்லுக்கு மாறியது. இத்தகைய சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: ஒவ்வொன்றும் சில மருந்துகளை மட்டுமே அறியும். ‘இல்லை’ என்று அது காட்டினால், வேறு மருந்து இருக்கும் கோப்பையையும் நம்பிக் குடித்துவிடுவோம். கேட்காமலே கூடுதலாக ஊற்றப்பட்ட மதுவை எந்தச் சில்லும் குற்றமாகக் காட்டாது.

நம் நாட்டில் இந்தக் குற்றத்துக்கு நன்கு அறிமுகமான இடம் ரயில் பெட்டி. மயக்க பிஸ்கட் கும்பல்களின் கதை எல்லோருக்கும் தெரியும். முதலில் ஊர் எது என்று கேட்பார்கள், பிறகு பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், அதன் பிறகே பிஸ்கட்டோ டீயோ நீட்டுவார்கள். நகையும் பணமும் போன பிறகுதான் பயணிக்கு விழிப்பு வரும். இங்கே ஆயுதம் பேச்சில் வளர்ந்த நம்பிக்கை. நம்பியவர் தந்த டீயில் சோதனைத் தாளை யார் நனைத்துப் பார்ப்பார்கள்?

இந்த நம்பிக்கை வீட்டுக்குள்ளும் ஆயுதமாகலாம். பிரான்சில் ஜிசேல் பெலிகோ என்ற பெண்ணுக்கு வீட்டிலேயே, உணவிலும் பானத்திலும், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்தவர் அவருடைய கணவர். 2024 டிசம்பரில் அவருக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சோதனைச் சில்லுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

ஆனால் இதை வைத்து வடிவமைப்பே வீண் என்று தள்ளிவிட முடியாது. ரோஹிப்னால் என்ற தூக்க மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது பெருகியபோது, 1990-களின் பிற்பகுதியில் ரோஷ் நிறுவனம் மாத்திரையையே மாற்றியது. அது மெதுவாகக் கரையும்; வெளிர்நிறப் பானத்தை நீலமாக்கும். அடர்நிறப் பானத்தில் நீலம் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் மாற வேண்டியது மருந்து, குடிப்பவர் அல்லர் என்று முடிவெடுத்த இடத்தில் அந்த வடிவமைப்பு உயர்ந்து நிற்கிறது. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் குறிப்பிட்ட உரிமம் பெற்ற மதுக்கூடங்கள் சோதனைப் பொருள்களை வைத்திருக்க வேண்டும். கருவி பழையதுதான்; பொறுப்பு கடைக்காரருக்குப் போனதே முன்னேற்றம்.

பொறுப்பைக் கடைக்காரரிடம் வைக்கும் அப்படியொரு விதி நம்மிடமும் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸெபாம் போன்ற உறக்கம் தரும் மருந்துகள், மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளவை. விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் பதிவேடு கடைக்குக் கடை தனி. ஒரே சீட்டைக் காட்டி நான்கு கடைகளில் வாங்கினால், ஒன்றில் வாங்கியது மற்றொன்றின் பதிவேட்டில் இருக்காது. மாணவர்கள் கைவைக்க வேண்டிய ஓட்டை இதுதான். நோயாளியின் அந்தரங்கம் கெடாமல் இந்தப் பதிவேடுகளை இணைப்பது, நகப்பூச்சைவிடக் கடினமான, பயனுள்ள வேலை.

அடுத்தது, குற்றம் நடந்ததற்குப் பிந்தைய மணி நேரங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவு இந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் சான்று வேண்டுமே! ஜிஎச்பி போன்ற மருந்து சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும். ஆகவே விடுதிக் காப்பாளர், கல்லூரி மருத்துவ அறை, காவல் நிலையம், புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று பெண் அலையாமல், முதலில் போகும் இடத்திலேயே முறைப்படி ரத்தமும் சிறுநீரும் எடுத்து முத்திரையிட ஒரு நடைமுறை வேண்டும். இதுவும் வடிவமைப்புதான், பரிசு மேடையில் காட்டப் பளபளப்பான பொருள் மட்டும் இருக்காது.

என் தீர்ப்பு இது: கோப்பையைக் காக்கும் கருவி துணைக்கு இருக்கலாம், அதைத் தடுப்பு என்று சொல்லக்கூடாது. மருந்து கைக்கு வரும் வழியை அடைப்பதும், சான்று அழியும் முன் எடுப்பதுமே தடுப்பு. போட்டி நடத்தும் ஆசிரியர்கள் ஒவ்வொரு திட்டத்தைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது யாருடைய வேலையைக் கூட்டுகிறது? ‘பாதிக்கப்படக்கூடியவருடையதை’ என்று விடை வந்தால், அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்.