நொச்சி இல்லாத எரிகோ

எரிகோவின் மதில் விழுந்த கதையைப் பிரசங்கமாகக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அது நம்பிக்கை பற்றியதல்ல, வாசிப்பு பற்றியது. சென்ற கோடையில் பொம்மையார்பாளையத்தில் ஒரு மாலைக் கூட்டம். மீனவர் தெரு முனையில் ட்யூப்லைட் கட்டிய பந்தல். போதகர் யோசுவா புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து ஐந்து பாடங்கள் சொன்னார். கீழ்ப்படி, சுற்றி வா, வாயைத் திறக்காதே, நாளை எண்ணிச் சோர்ந்துபோகாதே, சொன்ன வேளையில் ஆர்ப்பரி. பிறகு 'உங்கள் எரிகோ எது?' என்று கேட்டார். ஒருவர் கடன் என்றார், ஒருத்தி மகனின் குடி என்றாள், வியாதி என்றார்கள். ஒவ்வொன்றும் மதிலாயிற்று. ஒவ்வொன்றும் விழும் என்றார்.

கூட்டம் கலைந்து கடற்கரைப் பக்கம் போனால் நிஜமாகவே விழுந்த சுவர்கள். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புகள் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. நகரம் தன் கரையில் பாறைகளைக் கொட்டிக்கொண்டது. அரிப்பு வடக்கே குப்பங்களுக்கு வந்தது. இங்கே சுவர் விழ எக்காளம் தேவைப்படவில்லை. பந்தலில் இருந்தவர்களில் பலர் தங்கள் சுவர் நிற்கவேண்டுமே என்று ராத்தூக்கம் கெட்டவர்கள். அவர்களிடம், நீங்கள் மதிலுக்கு வெளியே நடக்கிறவர்கள் என்று சொல்லப்பட்டது. எரிகோவில் இருப்பவர்களுக்கு யோசுவாவின் கூட்டத்தோடு நடக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அவர்களும் கைதட்டினார்கள். இந்த இடமாற்றம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதுதான் என் கேள்வி.

பிரசங்கி மேல் மட்டும் பழி போடமுடியாது. கதையின் கட்டுமானமே இதற்கு உடந்தை. ஆறு நாள் நாளுக்கொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, ஆக 13 சுற்று. ஏழு ஆசாரியர், ஏழு கொம்பு எக்காளம், பெட்டி, முன்னணி, பின்னணி என்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாசிப்பவனும் சேர்ந்து சுற்றுகிறான். ஜனங்கள் வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளை அந்த நடையின் மேல் ஒரு கனத்தை ஏற்றுகிறது. இவ்வளவுக்கும் பிறகு மதில் அரை வாக்கியத்தில் விழுகிறது. அபாரமான கலை இது. ஆனால் அடுத்த வசனமும் அதே வேகத்தில் போய்விடுகிறது. ஆண், பெண், இளையோர், முதியோர், மாடு, ஆடு, கழுதை, எல்லாம் பட்டயத்துக்கு. ஒரே வசனம். பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் இரும்பும் கருவூலத்துக்கு. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்தப் பட்டியல் நடை நன்றாகத் தெரியும். கழுதைகூடக் கணக்கில் ஏறியிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. எரிகோவின் ராஜாவுக்கே பெயர் கிடையாது.

தமிழ் வேதாகமம் இந்த அழிவுக்கு வைத்திருக்கும் சொல் 'சாபத்தீடு'. மூலத்தில் 'கேரெம்', கடவுளுக்கென்று முழுவதுமாக ஒதுக்கி, மனிதன் அனுபவிக்காமல் அழித்துவிடுவது. தமிழில் 'சாபம்' உள்ளே நுழைந்ததும், செத்தவர்கள் மேல் ஏற்கெனவே ஏதோ குற்றம் இருந்தது போலாகிவிடுகிறது. மூலச் சொல்லுக்கு அந்தச் சமாதானம் இல்லை. இஸ்ரவேலின் எதிரியான மோவாபிய ராஜா மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு 1868இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. நேபோ என்னும் இஸ்ரவேல் ஊரைப் பிடித்து 7,000 பேரைத் தன் தெய்வத்துக்காகக் கொன்றதாக அதில் சொல்கிறான். அதே வினைச்சொல். தெய்வம் மட்டும் வேறு. ஆக, இது ஒரு மதத்தின் தனிச்சொத்தல்ல. அந்தக் காலத்து யுத்த மொழி.

நமக்கும் யுத்த மொழி உண்டு. எரிந்த ஊரையும், பகைவர் மண்ணைக் கழுதை பூட்டி உழுததையும் நம் புலவர்கள் பெருமையாகப் பாடினார்கள். இதில் நாம் உயர்ந்தவர்கள் என்று மார்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். புறப்பொருள் வெண்பாமாலை, மதிலை வளைப்பவனுக்கு உழிஞையும் உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சியும் என்று இரண்டு பூக்களை, இரண்டு திணைகளை வைத்தது. உள்ளே இருப்பவனுக்கும் ஒரு பூ. பறம்பு வீழ்ந்தபின் பாரியின் பெண்கள் பாடியது புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கிறது. வென்ற மூன்று அரசர்களின் பாட்டைவிட அதுதான் நமக்கு நினைவிருக்கிறது. எரிகோ, நொச்சியே இல்லாத உழிஞை.

ராகாப் இருக்கிறாளே என்று கேட்கலாம். ஒரு முழு அதிகாரம் அவளுக்கு இருக்கிறது. அவள் வீடு மதிலோடு ஒட்டியது. மதில் விழுகிறது, அவள் வீடு நிற்கிறது. எப்படி என்று கதை சொல்வதில்லை. வேவுகாரர்களிடம் அவள் பேசும் பேச்சு இஸ்ரவேலின் விசுவாச அறிக்கை போல் இருக்கிறது. ஜெயித்தவன் கேட்க விரும்பியது அவள் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கடுத்து வருவதுதான் அவள் குரல். தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள், இவர்கள் உயிருக்கு நிச்சயமான ஒரு அடையாளம் கொடு என்கிறாள். என் தொழில் பாஷையில் இது ஜாமீன். நம்புகிறேன், ஆனால் கையில் ஒன்று கொடு. எரிகோ கதையில் மனித அளவில் இருக்கும் விசுவாசம் இது ஒன்றுதான்.

இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசும் இப்படிப்பட்ட ஆளுக்கு நம் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு: துபாஷ். இங்கிருந்து தெற்கே சில மைலில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போது பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரன் கோயிலை இடித்தார்கள். யார் நின்றார்கள், யார் உதைத்தார்கள், ஊர் ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதன் பிறகும் துய்ப்ளேயின் துபாஷாகவே இருந்தார். அவருடைய வேதனை, பயம், சுயநலம், ஜாதிக் கணக்கு எல்லாம் அந்தப் பேச்சுத் தமிழில் ஒன்றாகக் கிடக்கின்றன. 1761 ஜனவரியில் பிரெஞ்சுக் கோட்டையும் ஆங்கிலேயரிடம் விழுந்து தரைமட்டமாக்கப்பட்டது; அதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்துபோனார். அவர் தீரரல்ல. ஆனால் இடித்தவன் மட்டுமே சொல்லக்கூடிய கதையாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டார். ராகாபுக்கு நாட்குறிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாளா, ராகாப் திறந்தாளா என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

இனி, மறுபக்கம். கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை எரிகோவில் தோண்டினார். யோசுவாவின் காலம் என்று பெரும்பாலோர் கொள்ளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை என்று தெரிந்தது. பகுத்தறிவு மேடைக்கு இது ஒரு துணுக்கு. எனக்கு அப்படியல்ல. ஆய்வாளர் பலர் சொல்வதுபோல் இந்தப் புத்தகம் கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய உருவம் பெற்றதென்றால், எழுதியவர்கள் யார்? அசீரியாவுக்கு நடுங்கியவர்கள், 586இல் எருசலேமின் மதிலைப் பாபிலோனியனிடம் பறிகொடுத்தவர்கள். உள்ளே இருந்து சுவர் விழக் கண்டவர்கள், வெளியே இருந்து சுவரை விழுத்தியவர்களாகத் தங்களைக் கற்பனை செய்துகொண்டார்கள். பொம்மையார்பாளையத்துப் பந்தலில் நடந்ததும் அதுதான். தோற்றவனுக்கு அந்த ஆறுதலை மறுக்க நான் யார்?

மறுக்கவில்லை. அதன் விலையைச் சொல்கிறேன். மதிலைக் கடன் என்றும் வியாதி என்றும் உருவகமாக்கிய கணத்தில், உள்ளே இருந்தவர்கள் உருவகமாகக்கூட மிஞ்சுவதில்லை. எபிரெயர் நிருபத்தின் விசுவாசப் பட்டியலில் மதில் விழுந்தது ஒரு வசனம், ராகாப் பிழைத்தது அடுத்த வசனம். செத்தவர்கள் ஒரே சொல்லில் 'கீழ்ப்படியாதவர்கள்'. எரிகோவின் குழந்தைகளிடம் எதற்குக் கீழ்ப்படியச் சொன்னார்கள்?

கதையில் ஒரு சின்ன இடத்தைப் பிரசங்கங்கள் தொடுவதில்லை. காப்பாற்றி அழைத்துவந்த ராகாபின் குடும்பத்தை முதலில் இஸ்ரவேலின் பாளயத்துக்குப் புறம்பே வைக்கிறார்கள். 'பாளயம்', 'புறம்பே': தமிழில் இந்த இரண்டு சொல்லும் ஒன்றையொன்று அடுத்து வரும்போது ஊரும் சேரியும் கண்முன் வராமல் போகாது. வெற்றி முடிந்த அன்று, எரியும் பட்டணத்துக்கும் வென்றவர் கூடாரங்களுக்கும் நடுவே, எதிலும் சேராமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து யாராவது ஒருமுறை இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கவேண்டும். இருபத்தொன்றாம் வசனத்தைத் தாண்டிக் குதிக்காமல் உரக்கப் படித்துவிட்டு, அதன் பிறகும் மிஞ்சுகிற விசுவாசம் எதுவோ அதைப் பற்றிப் பேசட்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் முன்வரிசைக்கே வருகிறேன்.